வாழைப்பழத்தின் விலை

(கல்லூரி ஒன்றில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இந்த அறக்கட்டளை ஒரு பள்ளி ஓவிய ஆசிரியரின் பெயரால் அமைந்தது. நம் பள்ளிக்கூடங்களில் டிராயிங் மாஸ்டரின் நிலைமை உங்களுக்குத் தெரியும். வாரத்துக்கு ஒரு பீரியட். பரீட்சை நெருங்கினால் அதையும் கணக்கு வாத்தியார் கடன் வாங்கிக்கொள்வார். வாங்கியதைத் திருப்பித் தந்ததாகச் சரித்திரம் இல்லை. அப்படி வாழ்ந்த ஒருவருக்காக அவருடைய பிள்ளைகள் தங்கள் சேமிப்பை வைப்புநிதியாகப் போட்டு, ஆண்டுக்கொரு முறை யாராவது கலையைப் பற்றிப் பேசவேண்டும் என்று ஏற்பாடு செய்திருக்கிறார்கள். என்னை அழைக்க வந்தபோது, பார்த்தால் கோபம் வருகிற, சிலசமயம் குமட்டுகிற கலையைப் பற்றிப் பேசலாமா என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, “அப்பா இருந்திருந்தால் முன் வரிசையில் உட்கார்ந்து கேட்டிருப்பார்” என்றார்கள். அந்த தைரியத்தில் பேசுகிறேன்.

1. பழக்கடைக்காரரும் கோடீஸ்வரரும்

2019 டிசம்பரில் அமெரிக்காவின் மயாமி பீச் நகரில் நடந்த ஆர்ட் பேசல் கலைச்சந்தையில், இத்தாலியக் கலைஞர் மௌரிட்சியோ கட்டெலான் ஒரு வாழைப்பழத்தைச் சுவரில் வைத்து, குறுக்கே சாம்பல் நிற டேப் ஒன்றை ஒட்டினார். ‘காமெடியன்’ என்று பெயர் வைத்தார். மொத்தம் மூன்று பிரதிகள். முதல் விலை 1,20,000 டாலர். சந்தை நடந்துகொண்டிருக்கும்போதே வேறொரு கலைஞர் வந்து பழத்தை உரித்துத் தின்றுவிட்டார். காட்சிக்கூடத்தார் பதறவே இல்லை. இன்னொரு பழத்தை எடுத்து ஒட்டினார்கள். வாங்கியவர் கையில் போய்ச் சேர்வது ஒரு சான்றிதழும், பழத்தை எப்படி ஒட்டவேண்டும் என்ற செய்முறைக் குறிப்பும்தான். பழம் அழுகினால் மாற்றிக்கொள்ளலாம். 2023இல் சியோல் நகர அருங்காட்சியகம் ஒன்றில் ஒரு மாணவர் இதே பழத்தைத் தின்றார். காரணம் கேட்டபோது பசித்தது என்றார். தோலை மட்டும் மறுபடி சுவரில் ஒட்டிவிட்டுப் போனார்.

2024 நவம்பரில் மூன்று பிரதிகளில் ஒன்று நியூயார்க் சாத்பீஸ் ஏலத்துக்கு வந்தது. கட்டணம் எல்லாம் சேர்த்து 62 லட்சம் டாலருக்குப் போனது. எடுத்தவர் கிரிப்டோ நாணயத் தொழிலதிபர் ஜஸ்டின் சன். சில நாள் கழித்து ஹாங்காங்கில் பத்திரிகையாளர்களைக் கூட்டிவைத்து அவரும் தின்றார்.

இந்தக் கதையில் ஒரு கிளைக்கதை உண்டு. ஏலத்தன்று சுவரில் ஒட்டிய பழம், ஏலக் கட்டடத்துக்குப் பக்கத்து நடைபாதைப் பழக்கடை ஒன்றில் 35 சென்ட்டுக்கு வாங்கியது. விற்றவர் எழுபது வயதைத் தாண்டிய, வங்கதேசத்திலிருந்து போன ஒரு தொழிலாளி. கடைகூட அவருடையதில்லை. பத்திரிகையாளர் ஒருவர் தேடிப்போய், நீங்கள் விற்ற பழம் என்ன விலைக்குப் போனது தெரியுமா என்று சொன்னபோது, அந்தப் பெரியவர் அழுதார்.

கணக்குப் போட்டுப் பார்த்தேன். அவர் விற்ற விலையில் அந்தப் பணத்துக்கு ஒன்றேமுக்கால் கோடி வாழைப்பழம் வாங்கலாம்.

இதைக் கேட்டதும் நம்மில் பாதிப்பேர் சிரிப்போம், மீதிப்பேர் “இதெல்லாம் ஒரு கலையா?” என்று கோபப்படுவோம். இரண்டும் நியாயம்தான். ஆனால் கலையா இல்லையா என்ற விசாரணையில் இறங்கினால் நூறு வருஷமாக யாரும் கரையேறியதில்லை. நான் வேறொரு கேள்வியைப் பிடித்துக்கொண்டு போகலாம் என்றிருக்கிறேன். இந்தப் படைப்புக்கு விலை கொடுத்தவர் யார்? ஏலத்தில் கட்டிய பணத்தை நான் கேட்கவில்லை. பணம் கொடுத்தவர் பெயர் பத்திரிகையில் வந்துவிடும். வேறு விதமாக விலை கொடுத்தவர் யார் என்பதுதான் என் கேள்வி.

2. பிடித்து வைத்தால் பிள்ளையார்

கடையில் வாங்கிய பொருளை அப்படியே கலையாக வைக்கும் வேலையைத் தொடங்கியவர்களில் முக்கியமானவர் பிரெஞ்சுக்காரரான மார்செல் துஷாம். 1917இல் நியூயார்க்கில் சுயேச்சைக் கலைஞர்கள் சங்கம் ஒரு கண்காட்சி நடத்தியது. ஆறு டாலர் கட்டினால் யார் எதைக் கொடுத்தாலும் வைப்போம், தேர்வுக்குழு கிடையாது என்பது அவர்கள் விதி. துஷாமும் அதன் நிர்வாகிகளில் ஒருவர். அவர் ‘ஆர். மட்’ என்ற கற்பனைப் பெயரில் கையெழுத்துப் போட்டு, ஆண்கள் சிறுநீர் கழிக்கும் பீங்கான் தொட்டி ஒன்றைக் கவிழ்த்து வைத்து அனுப்பினார். பெயர் ‘நீரூற்று’. எதையும் வைப்போம் என்றவர்கள் இதை வைக்கவில்லை. துஷாம் பதவியை விட்டு விலகினார். அசல் தொட்டி காணாமலே போய்விட்டது. இன்று அருங்காட்சியகங்களில் இருப்பவற்றில் பெரும்பாலானவை 1964இல் அவர் சம்மதத்தோடு செய்த நகல்கள்.

மேலைநாட்டுக் கலைப்புத்தகங்கள் இதை விளக்கப் பக்கம் பக்கமாக எழுதுகின்றன. நமக்கு அவ்வளவு விளக்கம் தேவையில்லை என்று எனக்குத் தோன்றுவதுண்டு. “பிடித்து வைத்தால் பிள்ளையார், வழித்து எறிந்தால் சாணி” என்று பாட்டிமார் சொல்லக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். மார்கழி மாதம் கோலத்தின் நடுவே சாண உருண்டையில் பூசணிப்பூ வைப்போம். ஒரு பிடி மஞ்சளைக் குவித்து அருகம்புல் செருகினால் தெய்வம் வந்து உட்காரும். பூஜை முடிந்தால் அந்த மஞ்சள் தண்ணீரில் கரையும். பொருள் மாறுவதில்லை. வைக்கும் இடமும் வைக்கும் கையும் கூடி நிற்பவர்களின் சம்மதமும்தான் அதை மாற்றுகின்றன. துஷாமிடம் கையும் இடமும் இருந்தன, சம்மதம் இல்லை. அந்தச் சம்மதம் யார் கையில் இருக்கிறது என்று அம்பலப்படுத்தியதுதான் அவர் செய்த காரியம். அதற்காக அவர் கொடுத்த விலை, ஒரு பதவி.

சாணம் என்றதும் இன்னொருவர் நினைவு வருகிறது. நைஜீரியப் பெற்றோருக்கு இங்கிலாந்தில் பிறந்த கிறிஸ் ஒஃபிலி, 1996இல் கன்னி மரியாளைக் கறுப்பினப் பெண்ணாக வரைந்து, படத்தில் யானைச் சாணத்தையும் பயன்படுத்தினார். 1999இல் அது நியூயார்க்கின் புரூக்ளின் அருங்காட்சியகத்துக்கு வந்தபோது, மேயர் ரூடி ஜூலியானி கொதித்தெழுந்து நகராட்சி தரும் நிதியை நிறுத்தினார். வழக்கு கூட்டாட்சி நீதிமன்றத்துக்குப் போய், தீர்ப்பு அருங்காட்சியகத்தின் பக்கம் வந்தது. நம் பக்கத்து ஊரான பெங்களூரில் ஷீலா கௌடா ஓவியராகத் தொடங்கியவர். 1990களின் தொடக்கத்தில், நாட்டில் மதக்கலவரம் மூண்ட நேரத்தில், தூரிகையை விட்டுப் பசுஞ்சாணத்துக்கு மாறினார். வறட்டி தட்டும் பெண்களின் பொருள், புனிதம் என்று ஒரு தரப்பு கொடிபிடிக்கும் பொருள், இரண்டும் ஒன்றே என்பதை அவர் படைப்புக்கு முன் நிற்கும்போது உணரலாம். ஒரு சாணத்துக்கு அங்கே வழக்கு. இங்கே ஆழ்ந்த மௌனம். அருவருப்புகூட ஊருக்கு ஊர் மாறும்.

3. எதிர்ப்பை ஏலம் விடுதல்

இத்தாலியில் பியேரோ மன்சோனி என்றொருவர். 1961இல் ‘கலைஞனின் மலம்’ என்று லேபிள் ஒட்டி 90 தகர டப்பாக்களை மூடி முத்திரையிட்டார். ஒவ்வொன்றிலும் 30 கிராம். விலை, அன்றைய சந்தையில் 30 கிராம் தங்கத்தின் விலை. உள்ளே இருப்பது லேபிளில் சொன்னதுதானா, வெறும் பிளாஸ்டரா என்ற வாதம் ஓயவில்லை. திறந்து பார்த்துவிடலாமே என்றால், திறந்தால் மதிப்புப் போய்விடும். கலைஞனின் கைபட்டால் எதையும் வாங்குவீர்களா என்று கேலி செய்தார் மன்சோனி. வாங்குவோம் என்றது சந்தை. 29 வயதில் இறந்துபோனார். அவர் கேலியைச் சந்தை மட்டும் இன்றுவரை தங்கத்தைவிடக் கூடுதல் விலைக்கு விற்றுக்கொண்டிருக்கிறது.

2018 அக்டோபரில் லண்டனில் இதைவிடப் பெரிய கூத்து நடந்தது. முகம் காட்டாத தெருவோவியர் பேங்க்ஸியின் ‘பலூனுடன் சிறுமி’ ஏலத்தில் 10 லட்சம் பவுண்டைத் தாண்டியது. சுத்தியல் விழுந்த அடுத்த கணம் சட்டகத்துக்குள் மறைத்துவைத்த இயந்திரம் ஓடத் தொடங்கி, படம் கீழ்ப்பக்கமாக நாடா நாடாவாகக் கிழிந்து இறங்கியது. பாதியில் இயந்திரம் நின்றது. ஏலக்கூடத்தில் எல்லோரும் வாயைப் பிளந்தார்கள். முகத்தில் அறைந்தாரே என்று நானும் அன்று கைதட்டினேன். கிழிந்த படத்துக்குப் புதுப் பெயர் வைத்தார்கள். வாங்கிய அம்மையார் அதை விட்டுவிடவில்லை. 2021இல் அதே ஏல நிறுவனத்தில் அது 1 கோடியே 85 லட்சம் பவுண்டுக்கு விற்றது. மூன்றே ஆண்டில் ஏறத்தாழ 18 மடங்கு. நான் கைதட்டியதும் அந்த விலையில் சேர்ந்திருக்கும்.

சந்தையைச் சீண்டும் கலையைச் சந்தை வெறுப்பதில்லை. விருந்தில் மாமன் மச்சானைக் கேலி செய்வதுபோல அதை ரசித்துக்கொள்கிறது. கட்டெலானின் பழம், மன்சோனியின் டப்பா, பேங்க்ஸியின் கிழிசல் எல்லாம் கெட்டிக்காரத்தனமானவை. அவற்றைப் பார்த்து நான் சிரித்திருக்கிறேன், யோசித்திருக்கிறேன். ஆனாலும் ‘யார் விலை கொடுத்தது’ என்று கேட்டால், அழுத பழக்கடைப் பெரியவரைத் தவிர வேறு யாரும் என் கண்ணுக்குத் தெரியவில்லை.

4. யாருடைய உடம்பு?

1974. இத்தாலியின் நேப்பிள்ஸ் நகரம். யூகோஸ்லாவியாவிலிருந்து வந்த 27 வயதுப் பெண் மரீனா அப்ரமோவிச் ஒரு கூடத்தில் அசையாமல் நின்றார். மேசைமேல் 72 பொருள்கள். ரோஜா, இறகு, தேன், திராட்சை இருந்தன. கத்தரிக்கோல், சவுக்கு, அறுவைக்கத்தி, ஒரு துப்பாக்கி, ஒரு தோட்டாவும் இருந்தன. ஆறு மணி நேரம், இவற்றில் எதை வேண்டுமானாலும் எடுத்து என்னை என்ன வேண்டுமானாலும் செய்யலாம், பொறுப்பு என்னுடையது என்று அறிவித்திருந்தார். ‘ரிதம் 0’ என்பது அந்த நிகழ்வின் பெயர்.

முதலில் ஒருவர் பூ கொடுத்தார், ஒருவர் கையை உயர்த்தி வைத்தார். நேரம் ஆக ஆக ஆடையைக் கத்தரித்தார்கள். தோலைக் கீறினார்கள். கடைசியில் ஒருவர் துப்பாக்கியில் தோட்டாவைப் போட்டு அவர் தலைக்கு நேரே பிடிக்கும் அளவுக்குப் போனது. கூட்டத்துக்குள்ளேயே அடிதடி மூண்டது. ஆறு மணி நேரம் முடிந்து அவர் கூட்டத்தை நோக்கி ஓரடி எடுத்துவைத்ததும், அத்தனை பேரும் ஓடிவிட்டார்கள் என்று அவரே பிற்பாடு சொல்லியிருக்கிறார்.

பாஞ்சாலி துகிலுரிதல் கூத்தை விடிய விடியப் பார்த்தவர்களுக்கு இது புதிய காட்சியில்லை. அந்தச் சபையில் துச்சாதனன் ஒருவன்தான். தலைகுனிந்து உட்கார்ந்திருந்த பெரியவர்கள் எத்தனை பேர்! நேப்பிள்ஸ் கூடத்திலும் கீறியவர்கள் சிலர், பார்த்துக்கொண்டு நின்றவர்கள் பலர். கூத்து நமக்குக் கதையாகச் சொல்வதை அப்ரமோவிச் தன் உடம்பை வைத்து நடத்திக் காட்டினார். விலையை அவரே கொடுத்தார். அதனால்தான் ஐம்பது ஆண்டு ஆகியும் அந்த ஆறு மணி நேரம் நம்மை விடமாட்டேன் என்கிறது.

இதோடு வைத்துப் பார்க்க இன்னொன்று. ஸ்பெயின் நாட்டுக் கலைஞர் சாந்தியாகோ சியெர்ரா 1999இல் ஹவானாவில் வேலையில்லாத ஆறு இளைஞர்களுக்கு ஆளுக்கு 30 டாலர் கொடுத்து, அவர்கள் முதுகில் ஒரே நேர்க்கோடாகப் பச்சை குத்தவைத்தார். 2000 டிசம்பரில் ஸ்பெயினின் சலமாங்காவில், ஹெராயினுக்கு அடிமையான நான்கு பாலியல் தொழிலாளிகளின் முதுகில் 160 சென்டிமீட்டர் கோடு. கூலி, ஒரு வேளை போதை மருந்தின் விலை. அதன் பதிவு இன்று லண்டன் டேட் அருங்காட்சியகத் தொகுப்பில் இருக்கிறது.

சியெர்ரா தரப்பு வாதம் எளிதில் தள்ளக்கூடியதில்லை. உலகம் தினமும் இதைத்தானே செய்கிறது, ஏழையின் உடம்பைக் காசுக்கு வாங்குகிறது, அதை நான் உங்கள் வெள்ளைச் சுவருக்குள் கொண்டுவந்தால் மட்டும் ஏன் கத்துகிறீர்கள் என்பது அந்த வாதம். பலமுறை யோசித்திருக்கிறேன். அவர் காட்டும் உண்மை உண்மைதான். ஆனால் கண்காட்சி முடிந்து கலைஞர் அடுத்த நாட்டுக்குப் போய்விட்டார். கோடு அந்தப் பெண்களின் முதுகிலேயே இருக்கிறது. படைப்பின் பெயருக்குப் பக்கத்தில் சியெர்ராவின் பெயர் இருக்கிறது. அவர்கள் பெயர் இல்லை. அநீதியைக் காட்டுவதற்காக அநீதியை இன்னொரு முறை செய்துபார்ப்பதை நான் துணிச்சல் என்று சொல்லமாட்டேன். அந்தக் கூலியில் அவர் தன் முதுகையும் ஐந்தாவதாகச் சேர்த்திருந்தால் பேச்சே வேறு.

5. பள்ளிப்பைகள்

சீனாவின் ஐ வெய்வெய் 1995இல் சுமார் இரண்டாயிரம் ஆண்டுப் பழமையான ஹான் வமிசத்து மண்ஜாடி ஒன்றைக் கைநழுவவிட்டு உடைத்து, மூன்று படங்களாக எடுத்து வைத்தார். பலர் திட்டினார்கள். ஒரு ஜாடிக்குத் துடிக்கிறீர்களே, பண்பாட்டுப் புரட்சியில் நாடு முழுக்க உடைத்தார்களே என்பது அதன் உட்கேள்வி. சரியான கேள்விதான். ஆனாலும் போன ஜாடி போனதுதான் என்று எனக்குள் ஒரு முனகல் இருந்தது.

2008 மே 12 அன்று சிச்சுவானில் பூகம்பம். தரக்குறைவாகக் கட்டிய பள்ளிக் கட்டடங்கள் ஆயிரக்கணக்கான பிள்ளைகள்மேல் சரிந்தன. அந்தப் பிள்ளைகளின் பெயர்களைச் சொல்ல அரசு மறுத்தது. ஐ வெய்வெய் தன்னார்வலர்களைச் சேர்த்துக்கொண்டு வீடு வீடாகப் போய் 5,000க்கும் மேற்பட்ட பெயர்களைத் திரட்டினார். 2009 ஆகஸ்டில் செங்டு நகரில் போலீஸார் அவரைத் தலையில் தாக்கினார்கள். அடுத்த மாதம் ஜெர்மனியின் மியூனிக்கில் மூளை ரத்தக்கசிவுக்கு அறுவை சிகிச்சை. அதே ஊரில், அதே ஆண்டில், ஒரு கலைக்கூடத்தின் முகப்பை 9,000 பள்ளிப்பைகளால் மூடினார். நிறம் நிறமான அந்தப் பைகள் சேர்ந்து ஒரு சீன வாசகமாயின: மகள் ஏழு ஆண்டு சந்தோஷமாக வாழ்ந்தாள் என்று ஒரு தாய் சொன்ன வார்த்தை. 2011இல் அவரைப் பிடித்து 81 நாள் வெளித்தொடர்பில்லாமல் அடைத்து வைத்தார்கள்.

ஜாடியை உடைத்தவரும் பையை அடுக்கியவரும் ஒரே ஆள்தான். உடைத்தது பேச்சைக் கிளப்பியது. ஆனால் அரசாங்கம் பயந்தது பெயர்ப்பட்டியலுக்கு.

6. சீண்டாதவர் கொடுத்த விலை

சீண்டவேண்டும் என்று நினைக்காமலே விலை கொடுத்தவர் ஒருவர் உண்டு. ஓவியர் எம். எஃப். உசேன். பம்பாயில் சினிமா பேனர் எழுதிப் பிழைத்து மேலே வந்தவர். ராமாயணத்தையும் மகாபாரதத்தையும் ஆசை ஆசையாக வரைந்தவர். 1970களில் அவர் வரைந்த சரஸ்வதி கோட்டோவியத்தை ஏறத்தாழ இருபது ஆண்டுக்காலம் யாரும் குற்றம் சொல்லவில்லை. 1996இல் ஒரு இந்திப் பத்திரிகை அதை வெளியிட்டுக் கண்டித்ததும் வழக்குகள் மளமளவென்று விழுந்தன. 1998இல் வீட்டைத் தாக்கினார்கள். கோட்டில் ஒரு புள்ளி மாறவில்லை, நாடு மாறியிருந்தது.

2006இல் அவர் நாட்டைவிட்டு வெளியேறினார். 2008 மே மாதம் டெல்லி உயர்நீதிமன்ற நீதிபதி சஞ்சய் கிஷன் கௌல், உசேனின் இன்னொரு படமான பாரதமாதா ஓவியம் தொடர்பான வழக்குகளை ரத்து செய்தார். தொண்ணூறு வயது ஓவியர் தம் வீட்டில் இருந்து வரையவேண்டியவர் என்ற ஆதங்கம் அந்தத் தீர்ப்பில் உண்டு. ஆனாலும் உசேன் திரும்பவில்லை. 2010இல் கத்தார் குடியுரிமை. 2011 ஜூன் 9 அன்று லண்டனில், 95 வயதில் மரணம். இங்கிலாந்திலேயே அடக்கம்.

அந்த நீதிபதியைத் தமிழ்நாடு பிறகு அறிந்துகொண்டது. பெருமாள்முருகனின் ‘மாதொருபாகன்’ 2010இல் வெளிவந்த நாவல். நான்கு ஆண்டு கழித்து எதிர்ப்பு கிளம்பி, எழுத்தாளன் இறந்துவிட்டான் என்று அவரே அறிவிக்கும்படி ஆனது. 2016 ஜூலை 5 அன்று சென்னை உயர்நீதிமன்றத்தில் அவருக்கு எழுதும் உரிமையை மீட்டுத் தந்த அமர்வின் தலைமை நீதிபதி அதே கௌல். ஓர் ஓவியருக்கு எழுதிய நியாயம் எட்டு ஆண்டு கழித்து ஒரு எழுத்தாளருக்கு நிழல் தந்தது. உசேனுக்கு மட்டும் அது பயன்படவில்லை.

ஒரு படம் உங்கள் மனத்தைப் புண்படுத்தினால் வருத்தப்பட உங்களுக்கு உரிமை உண்டு. எழுதலாம், திட்டலாம், பார்க்காமல் போகலாம். புண்பட்டவர்களை எல்லாம் முட்டாள்கள் என்று பேசும் கலை விமர்சகர்கள்மேல் எனக்கும் கோபம் உண்டு. ஆனால் ஒரு கோட்டுக்கு விலையாக ஒரு கிழவரின் ஊரைக் கேட்கும் உரிமை யாருக்கும் கிடையாது.

7. தோம்பு

கடைசியாக யாழ்ப்பாணம். அங்கே தோம்பு என்றால் எல்லோருக்கும் தெரியும். காணி யாருடையது, எல்லை எது என்று எழுதிவைக்கும் பழைய பதிவேடு. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் நுண்கலை கற்பிக்கும் ஓவியர் தா. சனாதனன், போரில் வீடிழந்த எண்பது பேரிடம், உங்கள் வீட்டின் வரைபடத்தை ஞாபகத்திலிருந்து வரைந்து தாருங்கள் என்று கேட்டார். கிணறு எங்கே, படலை எங்கே, சாமி அறை எங்கே என்று அவர்கள் வரைந்தார்கள். அந்தக் கோட்டைக் கட்டடக்கலைஞர் வரைபடமாக்கினார். சனாதனன் ஒவ்வொன்றுக்கும் தம் ஓவியத்தைச் சேர்த்தார். 2011இல் நூலாக, ஒரு பதிவேட்டின் வடிவில் வந்தது. ஆங்கிலத் தலைப்பின் பொருள், ‘முடிவுறாத தோம்பு’.

இதில் எதையும் உடைக்கவில்லை, எதையும் கிழிக்கவில்லை, மலமும் இல்லை, ரத்தமும் இல்லை. ஆனால் பதிவேடு எழுதும் அதிகாரம் அரசுக்குத்தான் என்ற நினைப்பை இது அமைதியாகக் கவிழ்க்கிறது. வீடு தரைமட்டமானாலும் உரிமை ஞாபகத்தில் இருக்கிறது என்று எண்பது பேரைச் சாட்சியாக வைக்கிறது. நான் அறிந்த சீண்டும் கலையில் துணிச்சலானது எது என்று கேட்டால், வாழைப்பழத்தையும் தொட்டியையும் ஒதுக்கிவைத்துவிட்டு இதைத்தான் காட்டுவேன். இங்கே விலை கொடுத்தவர்கள் முன்பே கொடுத்துவிட்டார்கள். கலைஞர் அதைக் கணக்கில் எழுதினார்.

மாணவர்களே, நாளை உங்கள் கைப்பேசியில் இன்னொரு வாழைப்பழம் வரும். “இதெல்லாம் ஒரு கலையா?” என்று ஒரு வரி எழுதிப் பகிர்வதற்கு முன்னால், அதற்கு விலை கொடுத்தது யார் என்று ஒரு நிமிஷம் தேடிப் பாருங்கள். கலைஞரே கொடுத்திருந்தால் நின்று கவனியுங்கள். ஏழை ஒருவர் கொடுத்திருந்தால் அவர் பெயரைக் கேளுங்கள். யாருமே கொடுக்கவில்லை என்றால், சிரித்துவிட்டு உங்கள் வேலையைப் பாருங்கள். அந்தச் சிரிப்புக்கு மேல் அது எதுவும் கேட்கவில்லை.

ஆசிரியராகப் போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். டிராயிங் பீரியடைக் கடன் வாங்காதீர்கள்.